யாரும் எடுக்க முடியாத வண்டி

என் பிரியமான வேலு அத்தானுக்கு,

முதலில் விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். போன வாரம் உங்கள் வண்டி காணாமல் போனது. பட்டப்பகலில், இந்தப் பம்பாய் லேபர் கேம்ப்பில், நம் சந்து முனையிலிருந்து. பதற வேண்டாம், திரும்பி வந்துவிட்டது. ஆனால் யார் எடுத்தார்கள், எப்படி எடுத்தார்கள் என்று சொன்னால்தான் நீங்கள் பதறுவீர்கள். அதனால் கொஞ்சம் பின்னாலிருந்து வருகிறேன்.

உங்கள் முதல் வருஷ நினைவு நாளுக்காக நம் சங்கத்து மலரில் எழுதித் தரச் சொன்னார்கள். நல்ல குணங்களை எழுதப்பா என்றார்கள். உங்கள் நல்ல குணம் ஊருக்கே தெரியும், அதை நான் எழுதி ஒன்றும் ஆகப்போவதில்லை. நான் உங்களோடு சண்டை போட வேண்டியிருக்கிறது. நீங்கள் உயிரோடு இருந்தவரைக்கும் உங்களோடு சண்டை போட எனக்கு வாய் வரவில்லை. அக்கா புருஷன் என்ற மரியாதை ஒருபக்கம், சிரித்துச் சிரித்தே ஆளை மடக்கிவிடும் உங்கள் சாமர்த்தியம் ஒருபக்கம்.

எழுத உட்கார்ந்து இதற்குள் இரண்டு தரம் எழுந்துபோய் வண்டியைப் பார்த்துவிட்டு வந்தேன். இருக்கிறது. இப்போதெல்லாம் எனக்கு ஒரு இடத்தில் இருப்புக்கொள்ளவில்லை. பை பட்டறை வேலையை விட்டுவிட்டு நான்தான் உங்கள் பிக்கப்பை ஓட்டுகிறேன். வாஷி மார்க்கெட்டில் வாழை இலை ஏற்றி, கிங்ஸ் சர்க்கிள் ஹோட்டல்களுக்கு இறக்கிவிட்டு வருகிறேன். இலையை இறக்கும்போதுகூட ஒரு கண் டிரைவர் சீட்டில்தான் இருக்கிறது. ஹோட்டல்காரர் சிரிக்கிறார். "என்னப்பா, வேலு மாதிரியே முழிக்கே" என்கிறார். இந்த வியாதியை எனக்கு நீங்கள்தான் ஒட்டவைத்துவிட்டுப் போனீர்கள்.

உங்கள் வியாதி எங்கே தொடங்கியது என்று எனக்குத் தெரியும். கல்யாணில் நம் சொந்தக்காரர் வீட்டு விசேஷத்துக்குப் போய், சாப்பிட்டுக் கை கழுவிவிட்டு வெளியே வந்தால் உங்கள் முதல் வண்டி நின்ற இடத்தில் எண்ணெய்க் கறை மட்டும் இருந்தது. அதற்குப் பிறகு எத்தனை நாள் குர்லாவில் பழைய சாமான் கடை கடையாக ஏறி இறங்கினீர்கள்! ஒரு கடையில் தொங்கிய கதவைப் பார்த்து இது என்னுடையது என்று நீங்கள் அடம்பிடித்ததும், அது வேறு கம்பெனி வண்டிக் கதவு என்று கடைக்காரன் காட்டியதும், நீங்கள் அப்படியே தரையில் உட்கார்ந்ததும் என் கண்ணிலேயே நிற்கிறது. அன்று உங்களைப் பார்க்கப் பாவமாக இருந்தது.

இந்த வண்டி வந்த அன்றைக்கே ஆரம்பித்துவிட்டீர்கள். ஸ்டியரிங்கையும் கிளட்ச் மிதியையும் சேர்த்து ஒரு இரும்புச் சங்கிலி, அதற்கு மாட்டுக்கொட்டகைப் பூட்டு. ஸ்டெப்னிக்கு ஒரு சங்கிலி. டீசல் டாங்க் மூடிக்கு வெல்டிங் வைத்த பட்டை. பின்னால் தார்ப்பாய்க்கு அடியில் நூல் கட்டி, அக்காவின் பழைய டம்ளர், கரண்டி எல்லாம் வரிசையாகத் தொங்கும். தார்ப்பாயைத் தொட்டால் கல்யாண வீட்டுப் பந்தி மாதிரி சத்தம் வரும்.

கண்ணாடியில் ஒரு செத்துப்போன மொபைலை ஒட்டி, அதற்குப் பக்கத்தில் கணபதி மண்டபத்துச் சீரியல் லைட்டிலிருந்து ஒரு சிவப்பு பல்பைப் பிடுங்கி வைத்து, அதுதான் கேமரா என்று சொன்னீர்களே, ஞாபகம் இருக்கிறதா? பேட்டரி, ஜாக்கி, சக்கரம் எல்லாவற்றிலும் வெள்ளை பெயின்ட்டில் 'வேலு' என்று தமிழில் எழுதினீர்கள். "அத்தான், களவாணிப்பயலுக்குத் தமிழ் தெரியாதே, அவன் பாட்டுக்கு வித்துட்டுப் போயிருவானே" என்றேன். "வாங்குதவன் தமிழனா இருந்தா?" என்று கேட்டுவிட்டு உங்கள் சிரிப்பைச் சிரித்தீர்கள். தெருநாய்களுக்குத் தினமும் குளுகோஸ் பிஸ்கட் போட்டு வண்டிக்கடியில் படுக்கப் பழக்கினீர்கள். அவை உங்களைப் பார்த்து வாலாட்டிய மாதிரியே வருகிறவன் போகிறவன் எல்லோரையும் பார்த்து வாலாட்டின.

இதெல்லாம் சிரிப்புக்குத்தான் ஆயிற்று. சிரிப்புக்கு ஆகாத இரண்டைப் பற்றித்தான் உங்களோடு பேசவேண்டும்.

ஒன்று அந்த சோர் ஸ்விட்ச். பம்பாயில் பாதி வண்டிகளில் அது உண்டு. ஒளித்து வைத்த ஒரு சின்ன ஸ்விட்ச், அதைப் போடாமல் சாவியைத் திருப்பினால் இன்ஜினிலிருந்து மூச்சே வராது. மற்றவர்கள் ஒரு இடத்தில் ஒளித்தால் அங்கேயே விடுவார்கள். நீங்கள்? மெக்கானிக் ஒருவன் வண்டியைத் தொட்டால் போதும், அவன் பார்த்திருப்பான் என்று மறுநாளே ஸ்விட்சை வேறு இடத்துக்கு மாற்றிவிடுவீர்கள். மாற்றியதை வீட்டில் சொல்லவும் மாட்டீர்கள். பொம்பளைகள் பேச்சுவாக்கில் சொல்லிவிடுவார்களாம்.

இன்னொன்று அந்த ஹார்ன். கதவைத் திறந்தவுடன் ஒரு பொத்தானை அழுத்தாவிட்டால் அலறத் தொடங்கும். லாரி ஹார்ன் வேறு. பூனை குதித்தால் அலறும். மழை பெய்தால் அலறும். கிரிக்கெட் பந்து பட்டால் அலறும். முதல் மாதம் சந்தே ஓடி வந்தது. அடுத்த மாதம் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தார்கள். அதற்குப் பிறகு அது அலறும்போது டிவி சத்தத்தைக் கூட்டி வைத்துக்கொண்டார்கள். எதிர்வீட்டு மராட்டிக்காரம்மா ஷிந்தே மாவ்ஷியின் பேரப்பிள்ளை அந்தச் சத்தத்தில் தூங்கப் பழகிவிட்டது என்று நீங்களே பெருமையாகச் சொன்னீர்கள்.

அத்தான், அன்றைக்கு என்ன நடந்தது என்று உங்களுக்குத் தெரியாது. நீங்கள் நினைவு தப்பிக் கிடந்தீர்கள். உங்களுக்கு இதை யாராவது சொல்லத்தான் வேண்டும்.

சாப்பிட்டுப் படுத்தவர் நெஞ்சு வலிக்கிறது என்று எழுந்தீர்கள். சட்டை வேர்வையில் தொப்பலாகிவிட்டது. லீவு போட்டு வீட்டில் இருந்த ஈஸ்வரியும் அக்காவும் உங்களைத் தாங்கிப் பிடித்து வண்டிக்குக் கொண்டுவந்தார்கள். உங்கள் மகளுக்குத்தான் லைசென்ஸ் இருக்கிறதே, ஆஸ்பத்திரி ஒன்றும் தூரமில்லையே என்ற தைரியம். பின்னால் தார்ப்பாயில் படுக்கவைத்து அக்கா உங்கள் தலையை மடியில் வைத்துக்கொண்டாள். அப்போதே நீங்கள் பேச்சை நிறுத்திவிட்டீர்கள்.

ஈஸ்வரி முன்கதவைத் திறந்தாள். அவசரத்தில் அந்தப் பொத்தானை மறந்துவிட்டாள். ஹார்ன் அலறத் தொடங்கியது. பிறகு அழுத்தியும் நிற்கவில்லை. சங்கிலிப் பூட்டைத் திறந்து, பழைய இடத்தில் கையை விட்டுப் பார்த்தால் ஸ்விட்ச் இல்லை. முந்தைய நாள் நீங்கள் அதை மாற்றியிருக்கிறீர்கள். சாவியைத் திருப்புகிறாள், திருப்புகிறாள், ஒன்றுமில்லை. "அப்பா, ஸ்விட்ச் கஹாங் ஹை? எங்கப்பா வச்சீங்க?" என்று கத்துகிறாள். அக்கா தெருவைப் பார்த்து யாராவது வாங்களேன் என்று கத்துகிறாள். இரண்டு பேர் சத்தத்தையும் உங்கள் ஹார்ன் தின்றுவிட்டது.

சந்தில் ஆள் இல்லாமல் இல்லை, அத்தான். அத்தனை வீட்டிலும் ஆள் இருந்தது. எல்லோருக்கும் ஹார்ன் கேட்டது. கேட்டதால்தான் யாரும் வரவில்லை.

ஈஸ்வரி எனக்குப் போன் போட்டாள். பட்டறையிலிருந்து ஓடிவந்து, வழியில் ஒரு டாக்ஸியை மறித்துக்கொண்டு நான் வந்து சேர்ந்தபோதும் அந்த ஹார்ன் அலறிக்கொண்டேதான் இருந்தது. ஆஸ்பத்திரியில் டாக்டரிடம், கொஞ்சம் முன்னால் கொண்டுவந்திருந்தால் பிழைத்திருப்பாரா என்று கேட்டேன். "குச் கஹ் நஹீ சக்தே" என்றார். எதுவும் சொல்ல முடியாதாம். பிழைத்திருப்பார் என்றும் சொல்லவில்லை, பிழைத்திருக்க மாட்டார் என்றும் சொல்லவில்லை. இந்த ஒரு வருஷமாக நான் அந்தப் பதிலோடுதான் வண்டி ஓட்டிக்கொண்டிருக்கிறேன். நீங்களே சொல்லுங்கள், பிழைத்திருப்பீர்களா?

எனக்கு உங்கள் மேல் கோபம். சாமி படத்துக்குப் பக்கத்தில் உங்கள் படத்தை மாட்டியிருக்கிறோம், அதைப் பார்த்தாலும் கோபம்தான் வருகிறது. யாரும் எடுக்க முடியாதபடி வண்டியைக் கட்டி வைத்தீர்கள். அந்த யாரும் என்பதில் அக்காவும் ஈஸ்வரியும் இருந்தார்களே, அது உங்கள் மண்டையில் ஏறவே இல்லையா?

உங்கள் காரியம் முடிந்த மறுநாள் கட்டிங் பிளேயரை எடுத்துக்கொண்டு போய் ஹார்ன் வயரை வெட்டினேன். அக்கா ஓடிவந்து கையைப் பிடித்துக்கொண்டாள். "அவுக கையால கட்டுனதுலே அது. விட்டுருலே" என்று அழுதாள். அவளுக்கு அந்தச் சங்கிலி, டம்ளர், பல்பு எல்லாமே நீங்கள்தான். ஸ்விட்சை ஒரு மெக்கானிக் வந்து வெகுநேரம் தேடிக் கண்டுபிடித்தான். சீட்டுக்குப் பின்னால், துடைக்கிற பழைய துணிக்குள் இருந்தது. ஈஸ்வரி அதைப் பார்த்துவிட்டு வீட்டுக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

பிறகு ஒருநாள் அவளே ஒரு காரியம் செய்தாள். ஸ்விட்சைக் கழற்றி ஸ்டியரிங் பக்கத்திலேயே, எல்லோர் கண்ணுக்கும் தெரிகிற மாதிரி மாட்டச் சொன்னாள். அதற்கு நகப்பாலிஷால் சிவப்பு வட்டம் போட்டாள். வண்டிச் சாவிக்கு இன்னொரு சாவி செய்து, சந்து முனை டீக்கடையில் கெட்டில் தொங்கும் ஆணியில் மாட்டினாள். வீடு வீடாகப் போய், எந்த ஆத்திர அவசரத்துக்கும் எடுத்துக்கொள்ளுங்கள், என் அப்பா வண்டி, கேட்கவேண்டாம் என்று தமிழிலும் ஹிந்தியிலும் மராட்டியிலும் சொன்னாள். மைதீன் அண்ணனைக் கூப்பிட்டு டிரைவர் சீட்டில் உட்காரவைத்து, வண்டியைக் கிளப்புவது எப்படி என்று காட்டினாள். தோல் பட்டறை வைத்திருக்கிறாரே, உங்களோடு டீக்கடையில் அரசியல் பேசுவாரே, அதே மைதீன் அண்ணன்தான்.

"ஏட்டி, கிறுக்கா பிடிச்சிருக்கு உனக்கு? களவாணிப்பய வந்தா என்னட்டி செய்வே?" என்று கேட்டேன்.

"வரட்டும் மாமா. கியா கரேகா? என்ன செஞ்சிருவான்? வண்டிதானே போவும்" என்றாள். அப்புறம் மெதுவாக, "ஆளு போவக்கூடாதுல்லா" என்றாள்.

அவள் சொன்னது நியாயம் என்று தெரிகிறது. ஆனால் என் கை கேட்கமாட்டேன் என்கிறது. அவளுக்குத் தெரியாமல் உங்கள் சங்கிலியை மறுபடி எடுத்து மாட்டினேன். கண்டுபிடித்துக் கழற்றிவிட்டாள். ஸ்டெப்னிக்கு மட்டும் மாட்டினேன். அதை விட்டுவைத்தாள். மூன்று மாதமாக எனக்கும் அவளுக்கும் இந்த விளையாட்டுத்தான் நடந்தது. சோற்றில் கையை வைத்தால் வெளியே ஏதோ வண்டி கிளம்பும் சத்தம் கேட்கும், எச்சிற்கையோடு எழுந்து ஓடுவேன். அக்கா தலையில் அடித்துக்கொள்வாள்.

இப்போது போன வாரத்துக்கு வருகிறேன். இலை இறக்கிவிட்டு வந்து, சாப்பிட்டு, அசதியில் கொஞ்சம் கண்ணயர்ந்து எழுந்து, சட்டையை மாட்டிக்கொண்டு சந்து முனைக்கு வந்தேன். வண்டி இல்லை. நாய்கள் மட்டும் வெயிலில் படுத்துக் கிடந்தன. கல்யாணில் நீங்கள் நின்ற நிலை எப்படி இருந்திருக்கும் என்று எனக்கு அப்போதுதான் புரிந்தது. டீக்கடை திறந்தபடி கிடக்கிறது, கடைக்காரர் இல்லை, ஆணியில் சாவி இல்லை. பக்கத்து வீடுகள் பூட்டிக் கிடக்கின்றன.

அறிவு என்று ஒன்று இருந்தால் கொஞ்சம் யோசித்திருப்பேன். நான் ஓடினேன். தொண்ணூறு அடி ரோடு முழுக்கப் பார்த்தேன். மேம்பாலத்துக்கு அடியில் நிற்கிற வண்டி ஒவ்வொன்றின் நம்பரையும் குனிந்து பார்த்தேன். போலீஸ் சௌக்கியில் போய் மூச்சிரைக்க நின்றேன். வண்டியில் பூட்டு என்ன இருந்தது என்று போலீஸ்காரர் கேட்டார். இல்லை சார் என்றேன். சாவி எங்கே இருந்தது என்றார். டீக்கடையில் என்றேன். யாருக்கெல்லாம் தெரியும் என்றார். எல்லோருக்கும் என்றேன். அவர் பேனாவை மூடிவைத்துவிட்டு என்னை ஒரு பார்வை பார்த்தார். அங்கிருந்தே ஈஸ்வரிக்குப் போன் போட்டு, வாயில் வரக்கூடாத வார்த்தையெல்லாம் சொல்லித் திட்டினேன். அவள் ஆபீஸில் அத்தனை பேர் நடுவில் போனைக் காதில் வைத்துக்கொண்டு எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டாள்.

நான் சந்துக்குத் திரும்பியபோது வண்டி வந்துகொண்டிருந்தது. தள்ளாடிக்கொண்டு, தப்பான கியரில், இடது பக்கம் முழுக்க ஏதோ கம்பத்தில் உரசிய நீளக் கோடோடு வந்தது. ஓட்டிக்கொண்டு வந்தவர் மைதீன் அண்ணன். பின்னால் டீக்கடைக்காரரும் இரண்டு வீட்டுப் பெண்களும் உட்கார்ந்திருந்தார்கள். எதிர்வீட்டு ஷிந்தே மாவ்ஷி குழாயடியில் மயங்கி விழுந்துவிட்டாராம். ஒரு பக்கம் கையும் காலும் இழுத்துக்கொண்டதாம். இவர்கள் அள்ளிப் போட்டுக்கொண்டு போயிருக்கிறார்கள். நேரத்துக்குக் கொண்டுவந்தீர்கள் என்று டாக்டர் சொன்னாராம்.

மைதீன் அண்ணன் இறங்கினார். அந்த மனிதர் வண்டி ஓட்டி எத்தனை காலம் ஆயிற்றோ. சாவியை நீட்டினார்.

"கேக்காம எடுத்துட்டேன் தம்பி. உன்னத் தேட நேரமில்ல. கம்பத்துல வேற உரசிட்டேன்."

"அதெல்லாம் கிடக்கட்டும் அண்ணே" என்றேன்.

அவர் வண்டியையே பார்த்துக்கொண்டிருந்தார். "அன்னைக்கு வேலு வண்டி கத்துனது எனக்குக் கேட்டுச்சு. பட்டறைக்குள்ளதான் இருந்தேன். தெனம் கத்துததுதானேன்னு தோலை அறுத்துக்கிட்டே இருந்துட்டேன். இதை உன் அக்காட்ட எப்படிச் சொல்லன்னு ஒரு வருசமா திரியுதேன்" என்றார்.

அக்கா என் பின்னால்தான் நின்றிருந்தாள். அவர் அவளைக் கவனிக்கவில்லை. பேசி முடித்துத் திரும்பிப் பார்த்தவர் அப்படியே நின்றுவிட்டார். அக்கா அழுவாள், இல்லை ஏசுவாள் என்று நினைத்தேன். அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "அண்ணே, உங்க மேல என்ன இருக்கு. கேக்காத மாதிரி பண்ணிட்டுப் போனது அவுகதான்" என்றாள். பிறகு, "சாப்பிடாமத்தானே ஓடிருப்பீக, உள்ள வாங்க" என்று கூப்பிட்டாள். அவர் தோளில் கிடந்த துண்டை வாயில் வைத்துக்கொண்டு அழுதார். அத்தனை பெரிய மனிதர் தெருவில் நின்று அழுது நான் பார்த்ததில்லை.

அத்தான், உங்களை விட்டுக்கொடுத்து அக்கா பேசி நான் கேட்டது அதுதான் முதல் தடவை. அவளுக்கும் உங்கள் மேல் கோபம் இருந்திருக்கிறது. எனக்கு ஏனோ நெஞ்சிலிருந்து பாரம் இறங்கின மாதிரி இருந்தது. ஒரு வருஷமாக நான் ஒருவன்தான் உங்களோடு சண்டை போடுகிறேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஈஸ்வரியிடம் அன்று சாயங்காலமே மன்னிப்புக் கேட்டேன். "டென்ஷன் மத் லோ மாமா, விடுங்க" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள். ஆனால் ராத்திரிச் சோறு அவள்தான் பரிமாறினாள், நெத்திலி எனக்கு அதிகமாக வைத்தாள். மாவ்ஷிக்கு வாய் இன்னும் கொஞ்சம் கோணலாகத்தான் இருக்கிறது. கோணலாகவே என்னைத் திட்டுகிறார், இலைக்கட்டை வாசலில் போடுகிறேனாம்.

நான் மாறிவிட்டேன் என்று நினைக்காதீர்கள். இருப்புக்கொள்ளாமை அப்படியேதான் இருக்கிறது. நேற்றுகூட இலை இறக்கும்போது திரும்பித் திரும்பிப் பார்த்தேன். வண்டி ஒருநாள் நிஜமாகவே களவு போகலாம். போனால் நடுத்தெருவில்தான் நிற்போம், அதுவும் தெரியும். தெரிந்தும் ஆணியில் சாவியை மாட்டிவிட்டு வருகிறேன். மாட்டிவிட்டு வந்து அடித்துக்கொள்ளும் நெஞ்சோடு உட்கார்ந்திருக்கிறேன். உங்களுக்கு எல்லா நாளும் இப்படித்தான் இருந்ததா? எங்களிடம் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் ஆளுக்குக் கொஞ்சம் பயந்திருப்போமே, அத்தான்.

கடைசியாக ஒரு சேதி. ஞாயிற்றுக்கிழமை நான் வண்டியைத் துடைத்துக்கொண்டிருந்தேன். அக்கா வந்தாள். சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு டிரைவர் சீட்டில் ஏறி உட்கார்ந்தாள். இத்தனை வருஷத்தில் அவள் அந்தச் சீட்டில் உட்கார்ந்து நீங்கள் பார்த்திருக்கிறீர்களா? நான் பார்த்ததில்லை.

"எனக்கு ஓட்டச் சொல்லிக்குடுலே" என்றாள்.

"இந்த வயசுலயா?"

"மடியில ஆளைப் போட்டுக்கிட்டு, யாராவது வாங்கன்னு இன்னொருக்கா என்னால கத்த முடியாது" என்றாள்.

நான் பக்கத்து சீட்டில் ஏறினேன். சிவப்பு வட்டத்துக்குள் இருந்த ஸ்விட்சை அவளே போட்டாள். சாவியை அவளே திருப்பினாள். இன்ஜின் எடுத்த எடுப்பிலேயே பிடித்துக்கொண்டது. அக்கா இரண்டு கையாலும் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி உடம்பெல்லாம் குலுங்க அழுதாள். பயந்துவிட்டேன். "அணைச்சிரட்டுமாக்கா?" என்று கேட்டேன்.

"வேண்டாம்லே. ஓடட்டும்" என்றாள்.

ஈஸ்வரி அவளுக்கு லேர்னிங் லைசென்ஸுக்கு எழுதிப்போட்டிருக்கிறாள். கிளட்ச் விடும்போது வண்டி தவளை மாதிரி குதிக்கிறது, என் கழுத்து சுளுக்கிக் கிடக்கிறது. இருந்தாலும் உங்களுக்கு வாக்குத் தருகிறேன், அத்தான். அவள் யாரையும் கூப்பிடாமல் தனியாக ஆஸ்பத்திரி வாசல் வரைக்கும் ஓட்டிப் போகிற நாள் வரைக்கும் அந்தப் பக்கத்து சீட்டிலிருந்து நான் இறங்கமாட்டேன்.

கோபம் தீராத, உங்களை மறக்கவும் முடியாத
உங்கள் மச்சினன்,
மாடசாமி